மெழுகு பூசிய சைக்கிள் பை மடிப்பில் வெடிக்கிறதா?

மெழுகுவர்த்தியை மட்டும் உருக்கிப் பூசியதால் கேன்வாஸ் பையின் மடிப்பெல்லாம் வெள்ளைக் கோடு விழுந்து, மழையில் தையல் வழியே தண்ணீர் இறங்குகிறது என்கிறீர்கள். பை கெட்டுப்போகவில்லை, கவலை வேண்டாம். வெறும் பாரஃபின் (மெழுகுவர்த்தி மெழுகு) ஆறியதும் விறைத்துவிடும், மடக்கினால் வெடிக்கும். பழைய மெழுகை ஹேர் டிரையரால் இளக்கித் துணியால் ஒற்றி எடுங்கள். அப்புறம் இரண்டு பங்கு பாரஃபினுக்கு ஒரு பங்கு தேன்மெழுகு சேர்த்து, சுடுநீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து உருக்குங்கள் (தேன்மெழுகு 62 முதல் 64 டிகிரி செல்சியஸில் உருகிவிடும், நேரடித் தீயில் வைக்கவே வேண்டாம், பற்றிக்கொள்ளும்). மெல்லிசாகப் பூசி, மெழுகு நூலுக்குள் இறங்கி மேலே பளபளப்பு போகும்வரை பொறுமையாகச் சூடு காட்டுங்கள். இங்கே அவசரப்பட்டால் மறுபடியும் படலமாக நின்று உரியும். தையலுக்கு உள்பக்கமும் இரண்டு முறை பூசுங்கள். வாஷிங் மெஷினில் மட்டும் போட்டுவிடாதீர்கள், ஈரத்துணியால் துடைத்தால் போதும்.