கையெழுத்துக்கு அடியில் இன்னொரு எழுத்து

பழைய ஓவியத்தில் டச்சு ஓவியர் பிரான்ஸ் ஹால்ஸின் கையெழுத்துக்கு அடியில் வேறு எழுத்து மங்கலாகத் தெரிகிறது, டர்பன்டைனால் துடைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டவே வேண்டாம், அடியில் இருப்பதும் சேர்ந்து போய்விடும்.

முதலில் 10 மடங்கு லென்ஸில் பாருங்கள். கையெழுத்தின் சாயம் வெடிப்புகளுக்குள் வழிந்திருந்தால், வெடிப்பு விழுந்தபிறகு யாரோ எழுதியது. வெடிப்பு எழுத்தையும் சேர்த்துப் பிளந்திருந்தால் பழையதாக இருக்க வாய்ப்புண்டு. பிறகு இருட்டறையில் 365 நானோமீட்டர் புற ஊதா டார்ச்சை அடியுங்கள்: பழைய வார்னிஷ் பச்சையாக ஒளிரும், அதன்மேல் பின்னால் தீட்டியது கருப்பாகத் தெரியும்.

ஜே, எல் எழுத்துகளோடு ஒரு நட்சத்திரமும் தென்பட்டால் அது ஹால்ஸ் காலத்துப் பெண் ஓவியர் யூடித் லைஸ்டரின் முத்திரை. 1633இல் நெதர்லாந்தின் ஹார்லெம் நகர ஓவியர் சங்கத்தில் உறுப்பினரானவர். எவ்வளவு பெரிய கலைஞர்! ஆனாலும் அவர் படங்கள் ஹால்ஸ் பெயரில் விலைபோயின. 1893இல்தான் ஆய்வாளர் ஹோஃப்ஸ்டேட டி குரூட் அதை வெளிக்கொணர்ந்தார். முத்திரையும் போலியாகலாம், எனவே அடுத்து ஓவியப் பாதுகாப்பு வல்லுநரிடம் அகச்சிவப்புப் படம் எடுக்கச் சொல்லுங்கள்.