பெசந்திரெனும் பிழைப்பும்: இந்தோனேசியா பற்றிக் கேட்டீர்கள்

மார்க்கக் கல்வியை விடாமல் ஒரு முஸ்லிம் நாடு பொருளாதாரத்தில் முன்னேற முடியுமா என்று பலர் கேட்டிருந்தீர்கள். எனக்குப் பழக்கமான இந்தோனேசியாவை வைத்தே பதில் சொல்கிறேன்.

காக்கா, மதரஸாக்களை வைத்துக்கொண்டு எப்படிச் சமாளித்தார்கள்? (காயல்பட்டினத்திலிருந்து ஒரு மாணவர்)

துருக்கி 1924இல் மதரஸாக்களை இழுத்து மூடியது, தம்பி. இந்தோனேசியா அந்த வழிக்குப் போகவில்லை. 1975இல் மத விவகாரம், கல்வி, உள்துறை என மூன்று அமைச்சர்கள் சேர்ந்து ஓர் உத்தரவு போட்டார்கள். மதரஸாவில் 70 விழுக்காடு பொதுப்பாடம் இருக்க வேண்டும். இருந்தால் அதன் சான்றிதழுக்குப் பள்ளிச் சான்றிதழின் மதிப்பு உண்டு. பிள்ளை நடுவிலேயே பொதுப்பள்ளிக்கு மாறலாம், மேலே படிக்கவும் போகலாம். எல்லோரும் அந்த 70-30 கணக்கைத்தான் பேசுகிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது சான்றிதழ்தான். வேலைக்குப் போகிற இடத்தில் அது செல்லாது என்றால் பாடநேரத்தை எப்படிப் பிரித்து என்ன பயன்?

மீதி 30 விழுக்காட்டில் ஆலிம் (மார்க்க அறிஞர்) எப்படி உருவாவார்? (வேலூரிலிருந்து ஒரு மவ்லவி)

ஹள்ரத், இதே கேள்வி அங்கேயும் எழுந்தது. 1987இல் மத விவகார அமைச்சராக இருந்த முனவிர் சட்ஸலி, தேர்ந்தெடுத்த சில மதரஸாக்களில் மேல்நிலைத் தனிப்பிரிவு ஒன்றைத் தொடங்கினார். அதில் மார்க்கப் பாடம் 70, பொதுப்பாடம் 30. அதே அமைச்சகம் பன்னிரண்டே வருடத்தில் தன் கணக்கைத் தலைகீழாகப் போட வேண்டியிருந்தது!

இதற்கு வெளியே பெசந்திரென்கள் இருக்கின்றன. நம் அரபிக் கல்லூரி மாதிரி, மாணவர்கள் தங்கிப் படிக்கிற இடம். 'கியாய்' என்று அழைக்கப்படும் பெரியவர் கிதாபை, அதாவது அரபு மார்க்க நூலை, வரிவரியாக வாசிப்பார். மாணவர்கள் தரையில் உட்கார்ந்து, ஒவ்வோர் அரபுச் சொல்லுக்கும் கீழே ஜாவானிய அர்த்தத்தைச் சாய்வாக எழுதிக்கொண்டே வருவார்கள். எழுதுவதும் அரபு எழுத்தில்தான். அரபு எழுத்தில் தமிழ் எழுதும் நம் அரபுத்தமிழுக்கு உறவுக்காரன் என்றே சொல்லலாம். அவர்கள் ஷாஃபி மத்ஹப் (மார்க்கச் சட்ட வழிகளில் ஒன்று) ஆனதால், கேரளத்துப் பொன்னானி மக்தூம் எழுதிய 'ஃபத்ஹுல் முஈன்' என்ற சட்டநூல் அங்கேயும் பாடம்.

நானா, படிப்பால் வருமானம் கூடியதா? (கொழும்பிலிருந்து ஓர் ஆசிரியை)

கூடியது. 1973 முதல் அடுத்த சில வருடங்களில் எண்ணெய்ப் பணத்தில் 61,000-க்கும் மேற்பட்ட தொடக்கப்பள்ளிகளைச் சுகார்த்தோ அரசு கட்டியது. பின்னாளில் நோபல் பரிசு வாங்கிய பொருளியலாளர் எஸ்தர் டுஃப்லோ 2001இல் இதை ஆராய்ந்து, பள்ளிகள் அதிகம் கட்டப்பட்ட இடங்களின் பிள்ளைகள் கூடுதலாகப் படித்ததையும், பெரியவர்களானபின் கூடுதல் கூலி வாங்கியதையும் காட்டினார். இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. அரசுப் பள்ளி வந்த ஊர்களில் போட்டிக்கு இஸ்லாமியப் பள்ளிகளும் முளைத்தன. அரசுப் பள்ளி வந்தால் மதரஸா தானாக ஓய்ந்துவிடும் என்ற எதிர்பார்ப்பு பலிக்கவில்லை.

பெசந்திரென்கள் சொந்தமாகத் தொழில் செய்கின்றனவாமே? (கீழக்கரையிலிருந்து ஒரு வியாபாரி)

ஆமாம். கிழக்கு ஜாவாவில் 1926இல் தொடங்கிய கொந்தோர், 1958இல் வக்ஃபாக, அதாவது பொது அறக்கொடையாக, எழுதிவைக்கப்பட்டது. அரிசி ஆலை, அச்சகம், கடைகள் என்று அவர்களே நடத்துகிறார்கள். எனக்கு இன்னும் பிடித்தது அதே கிழக்கு ஜாவாவின் பசுருவானில் உள்ள சிடோகிரி பெசந்திரென். சுற்றுவட்டாரச் சந்தை வியாபாரிகள் கந்துவட்டிக்காரர்களிடம் மாட்டிக்கொண்டிருந்தார்கள். 1997இல் மதரஸா ஆசிரியர்களே பணம் போட்டு, வட்டியில்லாத கூட்டுறவுச் சங்கம் ஒன்றைத் தொடங்கினார்கள். பாடத்தில் வட்டி ஹராம் என்று நடத்திவிட்டு, வெளியே அதற்கு ஒரு மாற்றையும் வைத்தார்கள். அந்தச் சங்கம் பெரிதாக வளர்ந்துவிட்டது.

எல்லாம் சரியாகத்தான் போகிறதா? (துபாயிலிருந்து ஒரு பொறியாளர்)

இல்லை. மதரஸாக்களில் தொண்ணூறு விழுக்காட்டுக்கு மேல் தனியார் நடத்துபவை. பல கிராமங்களில் ஆசிரியர் சம்பளம் கைச்செலவுக்கே காணாது. 2001க்குப் பிறகு பொதுப்பள்ளிகள் மாவட்டங்களின் பொறுப்புக்குப் போயின. மதரஸாக்கள் மட்டும் ஜகார்த்தாவில் இருக்கும் மத விவகார அமைச்சகத்தின் கீழேயே நின்றன. 'அது எங்கள் கணக்கு இல்லை' என்று மாவட்டம் கைவிரிக்க இது வசதியாகப் போய்விட்டது. சான்றிதழ் சமம், பணம் சமமில்லை. 2019இல் வந்த பெசந்திரென் சட்டம் அவற்றுக்கென ஒரு நிரந்தர நிதிக்கு வழி செய்திருக்கிறது.

பெண்பிள்ளைகள்? (புத்தளத்திலிருந்து ஒரு தாய்)

மேற்குச் சுமத்ராவில் பாடாங் பாஞ்சாங் என்றொரு ஊர். 1923இல் அங்கே ரஹ்மா எல் யூனூசியா என்ற இளம்பெண் பெண்களுக்கென்றே மார்க்கப் பள்ளி தொடங்கினார். கையில் ஒரு தொழில் இருக்கட்டும் என்று தறி நெய்யவும் கற்றுக்கொடுத்தார்கள். 1955இல் கெய்ரோவின் அல்-அஸ்ஹர் இஸ்லாமியப் பல்கலைக்கழகத் தலைவர் நேரில் வந்து பார்த்துவிட்டுப் போனார். அல்-அஸ்ஹரில் பெண்களுக்கான கல்லூரி வந்தது அதற்குப் பிறகுதான்.