பேரிடர்க் காட்சிகளைப் பார்த்து முதலில் அழுகிறேன், பிறகு எதுவும் தோன்றாமல் போகிறது. என் மனதில் ஏதாவது கோளாறா?

கேள்வி கேட்டவர் விவரமாக எழுதியிருக்கிறார். எங்கோ தொலைவில் ஒரு நிலநடுக்கம். இடிபாடுகளுக்கு அடியிலிருந்து மனிதர்களை எடுக்கும் காட்சியைப் பார்த்து முதல் நாள் அழுதிருக்கிறார், இரவு தூக்கமில்லை. நடுவில் "நல்லவேளை, நாம் அங்கே இல்லை" என்று ஒரு நிம்மதி வந்திருக்கிறது. அதை நினைத்து வெட்கம். நான்காம் நாள் அதே காட்சி வந்தபோது மனம் அசையவே இல்லை. இது என்ன மாதிரி மனசு என்று கேட்கிறார்.

கோளாறு எதுவும் இல்லை. இதில் ஒவ்வொன்றும் எனக்கும் வந்திருக்கிறது.

நிம்மதியை முதலில் பார்த்துவிடலாம், ஏனென்றால் அதுதான் உங்களை அதிகம் உறுத்துகிறது என்று நினைக்கிறேன். ஆபத்தைக் கண்டதும் மனம் முதலில் தன் பிள்ளைகளை எண்ணிப் பார்க்கிறது. எல்லோரும் பத்திரம் என்று தெரிந்ததும் ஒரு பெருமூச்சு வருகிறது. நாம் யோசித்து எடுக்கும் முடிவு இல்லை அது. அடுத்தவர் வேதனையில் உங்களுக்கு எந்த மகிழ்ச்சியும் இல்லை என்பதற்கு அந்த வெட்கமே போதுமான சாட்சி. அதை விட்டுவிடுங்கள்.

மரத்துப்போவதைப் பற்றித்தான் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும். டெபோரா ஸ்மால், ஜார்ஜ் லோவன்ஸ்டைன், பால் ஸ்லோவிக் என்ற மூன்று ஆய்வாளர்கள் 2007-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இருக்கிறது. ஒரு சிறு வேலைக்காக ஆட்களுக்கு ஐந்து டாலர் கொடுத்துவிட்டு, அதில் எவ்வளவு நன்கொடை தருவீர்கள் என்று கேட்டார்கள். ஒரு குழுவுக்கு மாலி நாட்டில் பட்டினியால் வாடும் ரோக்கியா என்ற ஏழு வயதுச் சிறுமியின் படத்தையும் கதையையும் காட்டினார்கள். இன்னொரு குழுவுக்கு ஆப்பிரிக்காவில் எத்தனை லட்சம் பேர் பட்டினி கிடக்கிறார்கள் என்ற புள்ளிவிவரம். சிறுமிக்குக் கிடைத்தது புள்ளிவிவரத்துக்குக் கிடைத்ததைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். என்னை உலுக்கியது அடுத்த பகுதி. சிறுமியின் கதையோடு அந்த எண்களையும் சேர்த்துக் காட்டியபோது, அவளுக்கே கிடைத்த தொகை குறைந்துவிட்டது. எண்ணிக்கை கூடக்கூட நெஞ்சு இறுகிக்கொள்கிறது. 2004 டிசம்பர் 26 சுனாமியில் இரண்டு லட்சத்து இருபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள் என்று சொன்னால், அத்தனை பேருக்காகவும் அழ யாராலும் முடியாது. ஒரு முகத்துக்காகத்தான் முடியும்.

அந்த முகத்தையும் நாம் தேர்ந்தெடுப்பதில்லை, கேமரா தேர்ந்தெடுக்கிறது. 2023 பிப்ரவரி 6 அன்று நிலநடுக்கம் துருக்கி, சிரியா இரண்டையுமே தாக்கியது. துருக்கியின் மீட்புக் காட்சிகளை உலகமே நேரலையில் பார்த்தது. வடமேற்கு சிரியாவுக்குள் ஐ.நா.வின் முதல் உதவி வாகனங்கள் நுழைந்ததே 9-ஆம் தேதிதான். அங்கே இடிபாட்டுக்குள் இருந்தவர்களில் எத்தனை பேரின் முகத்தை நாம் பார்த்தோம்? அதே ஆண்டு செப்டம்பர் 8-இல் மொராக்கோவில் நிலநடுக்கம். இரண்டே நாளில், 11-ஆம் தேதி அதிகாலையில், லிபியாவின் தெர்னா நகருக்கு மேலே இருந்த இரண்டு அணைகள் உடைந்து ஆயிரக்கணக்கானோரைக் கடலுக்கு அடித்துச் சென்றன. மொராக்கோவுக்காகக் கலங்கிக்கொண்டிருந்தவர்கள் அதை முடிக்கும் முன்பே லிபியாவின் பக்கம் திரும்ப வேண்டியிருந்தது. அதனால்தான் எனக்கு எவ்வளவு வலிக்கிறது என்பதை வைத்து யாருக்கு எவ்வளவு உதவி தேவை என்று நான் அளப்பதில்லை. அந்த அளவுகோலை நம்ப முடியாது.

இப்போது, கண்ணை எடுக்க முடியாமல் பார்த்துக்கொண்டே இருப்பது. பார்ப்பதை நிறுத்தினால் அவர்களைக் கைவிட்டது போலத் தோன்றுகிறது, இல்லையா? எனக்கும் அப்படித்தான் தோன்றும். ஆனால் 2013-இல் பாஸ்டன் மாரத்தானில் குண்டு வெடித்த பிறகு செய்த ஆய்வைப் படித்ததிலிருந்து இதில் உறுதியாக இருக்கிறேன். அடுத்த ஒரு வாரம் தினமும் ஆறு மணி நேரமோ அதற்கு மேலோ அந்தச் செய்திகளில் மூழ்கியிருந்தவர்களிடம், சம்பவ இடத்தில் இருந்தவர்களைவிட அதிகமான மன அழுத்த அறிகுறிகள் காணப்பட்டன. அது மனிதர் செய்த கொடுமை, இயற்கைச் சீற்றம் இல்லை. ஆனாலும் ஒரே காட்சி திரும்பத் திரும்ப ஓடும்போது மனதுக்கு நேர்வது ஒன்றுதான். நீங்கள் விழித்திருப்பதால் இடிபாட்டுக்குள் இருப்பவருக்கு ஒரு கல்லும் நகர்வதில்லை. நான் காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை எழுத்தாகப் படிப்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். வீடியோ பார்ப்பதில்லை. தகவல் குறைவதில்லை, தூக்கம் கெடுவதுதான் குறைகிறது.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல நினைக்கிறேன்: கோபம். 1985 நவம்பர் 13 இரவு கொலம்பியாவில் நெவாடோ டெல் ரூயிஸ் எரிமலை வெடித்தது. உச்சியிலிருந்த பனி உருகி, சேறும் பாறையுமாகப் பள்ளத்தாக்கில் இறங்கி, சுமார் இரண்டரை மணி நேரத்தில் ஆர்மெரோ நகரை மூடியது. இருபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். உலகத்துக்கு நினைவிருப்பது ஒமைரா சான்செஸ் என்ற பதின்மூன்று வயதுச் சிறுமி. இடிந்த வீட்டில் கால்கள் சிக்கி, கழுத்தளவு தண்ணீரில் ஏறத்தாழ மூன்று நாள் இருந்தாள். சுற்றி நின்றவர்களிடம் பேசினாள், பாடினாள். தண்ணீரை இறைக்கும் பம்பு நேரத்துக்கு வரவில்லை. நவம்பர் 16 அன்று இறந்துபோனாள். ஃபிராங்க் ஃபூர்னியே எடுத்த அவளுடைய படம் உலகெங்கும் அச்சானபோது பலர் அவர்மேல் பாய்ந்தார்கள்: படம் எடுத்த நேரத்தில் அவளைக் காப்பாற்றியிருக்கக் கூடாதா?

அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது. பார்த்தவர்கள் எல்லோரும் ஒரு விதத்தில் அந்தத் தண்ணீருக்கு வெளியே கையைக் கட்டிக்கொண்டு நின்றவர்கள்தான், அந்த இயலாமை யார்மேலாவது விழ வேண்டியிருந்தது. ஆனால் அந்தக் கோபம் போய்ச் சேர வேண்டிய இடம் வேறு. ஆர்மெரோ ஆபத்தில் இருக்கிறது என்று காட்டிய வரைபடம் முந்தைய மாதமே தயாராகிவிட்டது. சேறு வந்து சேர்வதற்குள் மக்களை மேட்டுக்கு அனுப்ப நேரமும் இருந்தது. யாரும் அனுப்பவில்லை. அந்தப் படம் இல்லாவிட்டால் நாற்பது ஆண்டு கழித்து நாம் இதைப் பேசிக்கொண்டிருப்போமா என்றும் யோசித்துப் பார்க்கிறேன். அழுகையைப் போலத்தான் கோபமும். கண்ணில் பட்டவர்மேல் கொட்டித் தீர்க்காமல், ஏன் எச்சரிக்கவில்லை, கட்டடம் ஏன் இப்படி நொறுங்கியது, அணையை ஏன் பராமரிக்கவில்லை என்று கேட்கும் பக்கம் திருப்பினால் அதற்கு வேலை இருக்கிறது.

உளவியலாளர் டேனியல் பேட்சன் இரண்டு வகை வருத்தத்தைப் பிரித்துச் சொல்வார். ஒன்று, இதைப் பார்க்க என்னால் தாங்க முடியவில்லை என்பது. இன்னொன்று, அவருக்கு இப்போது என்ன வேண்டும் என்பது. முதலாவது நம் வலியை ஆற்றிக்கொள்ளப் பார்க்கிறது. டிவியை அணைத்தாலும் ஆறிவிடும், கையில் கிடைத்ததை மூட்டை கட்டி அனுப்பினாலும் ஆறிவிடும். சுனாமிக்குப் பிறகு தமிழகக் கடலோரத்தில் சாலையோரமாகப் பழைய துணிகள் குவிந்து கிடந்தது இப்படித்தான். அனுப்பியவர்கள் நல்லவர்கள், உண்மையாகவே துடித்தவர்கள். மூட்டை கட்டியவர்களுக்குப் பாரம் இறங்கியது. உடுத்துபவர் உடுத்துவாரா என்று கேட்க அந்த நேரத்தில் யாருக்கும் தோன்றவில்லை. அங்கே ஏற்கெனவே வேலை செய்துகொண்டிருக்கும் நம்பகமான அமைப்புக்குப் பணமாகக் கொடுப்பதுதான் பெரும்பாலும் உதவுகிறது. முடிந்தால் பாதியை இப்போதும், மீதியை ஆறு மாதம் கழித்தும் கொடுங்கள். அப்போதும் அவர்கள் கூடாரத்தில்தான் இருப்பார்கள், கேமரா அங்கே இருக்காது. நான்காம் நாள் மனம் அசையாமல் போன உங்களாலும் இதைச் செய்ய முடியும், அதற்குக் கண்ணீர் தேவையில்லை.

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். முழுக்க ஒத்துக்கொள்ள மாட்டேன், ஓரளவு தெரியத்தான் செய்கிறது. ஆனால் நம் பக்கத்திலேயே உட்கார்ந்து அதே காட்சியைப் பார்க்கும் சிலருக்கு அது முழுதாகத் தெரியும். அந்தப் பகுதியில் அம்மாவோ அண்ணனோ இருப்பவர்கள். துருக்கி நிலநடுக்கத்தின்போது என்னோடு வேலை பார்த்த ஒருவருக்கு அங்கே குடும்பம் இருந்தது. நாங்கள் மனிதர்களைப் பார்த்துக்கொண்டிருந்தோம், அவர் பின்னணியில் தெரிந்த கடைப் பலகைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார், தன் தெருவா என்று. அப்படி யாராவது உங்களுக்குத் தெரிந்தவராக இருந்தால் அவருக்கு வீடியோக்களை அனுப்பாதீர்கள், அவர் முன்னால் அழவும் வேண்டாம். பிறகு உங்களுக்கும் அவரே ஆறுதல் சொல்ல வேண்டியிருக்கும். "வீட்டில் பேச முடிந்ததா?" என்று கேளுங்கள். அன்றைக்கு அவர் செய்ய வேண்டிய வேலையில் ஒன்றை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்த வாரமும் கேளுங்கள்.