அப்கிரேடுக்குப் பிறகு நேரச் சேவை விழுந்தால்: கேள்வி பதில்

கேள்வி: அப்கிரேட் முடிந்ததிலிருந்து, கணினிக் கடிகாரத்தைச் சரியாக வைக்கும் குரோனி சேவை தொடங்கிய உடனே விழுந்துவிடுகிறது. அழித்துவிட்டு மறுபடி நிறுவியும் பயனில்லை. ஸ்டேட்டஸில் ‘31/சிஸ்’ என்று வருகிறது.

பதில்: அந்த 31-தான் துப்பு. அது சிக்னல் எண். தடை செய்யப்பட்ட ஏதோ ஒரு சிஸ்டம் அழைப்பை (இயங்குதளத்தின் மையமான கெர்னலிடம் நிரல் உதவி கேட்பது) குரோனி விடுத்திருக்கிறது, கெர்னல் குரோனியைக் கொன்றுவிட்டது. தடை போட்டதும் பெரும்பாலும் குரோனியேதான். ‘-எஃப் 1’ ஆப்ஷனோடு தொடங்கினால், தனக்கு வேண்டிய அழைப்புகளை மட்டும் பட்டியலில் வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் மூடிவிடும். அப்கிரேடில் நிரல்கள் பொதுவாகப் பயன்படுத்தும் சி லைப்ரரி புதிதாக வந்தால், அது அதே பழைய வேலைக்கு வேறோர் அழைப்பைப் பயன்படுத்தக்கூடும். பழைய பட்டியலில் அது இருக்காது. அதே பழைய பதிப்பைத் திரும்பத் திரும்ப நிறுவினால் இது எப்படிச் சரியாகும்?

சோதனைக்காக மட்டும் அந்த ‘-எஃப் 1’-ஐ ‘-எஃப் 0’ என்று மாற்றி, வடிகட்டலை நிறுத்திப் பாருங்கள். டெபியன், உபுண்டுவில் இடிசிக்குள் இருக்கும் டிஃபால்ட் அடைவில் உள்ள குரோனி கோப்பில் இந்த ஆப்ஷன் இருக்கும். சேவை விழாமல் ஓடினால் காரணம் உறுதி. அப்புறம் குரோனி பேக்கேஜ் ஹோல்டில் (புதுப்பிக்காதபடி நிறுத்தி வைத்த நிலை) மாட்டிப் பழைய பதிப்பிலேயே தங்கிவிட்டதா என்று பார்த்து, புதுப்பித்து, வடிகட்டியைத் திரும்பப் போட்டுவிடுங்கள். வெளியிலிருந்து வரும் பாக்கெட்டுகளைப் படிக்கிற நிரல் இது. அந்தக் காவலை நிரந்தரமாக எடுப்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

கேள்வி: எனக்கு எந்த எண்ணும் தெரியவில்லை. ‘மிக வேகமாகத் திரும்பத் திரும்பத் தொடங்கப்பட்டது’ என்கிற அர்த்தத்தில் ஒரு வரிதான்.

பதில்: அது சேவைகளைத் தொடங்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டி சொல்வது. இயல்பான அமைப்பில் 10 நொடிக்குள் 5 முறைக்கு மேல் தொடங்க விடாது. பதிவுகளைக் காட்டும் ஜர்னல்சிடிஎல்-இல் மேலே போய் முதல் தோல்வியைப் படியுங்கள், காரணம் அங்கேதான் இருக்கும். சரிசெய்த பிறகு ‘சிஸ்டம்சிடிஎல் ரீசெட்-ஃபெயில்டு’ கட்டளையைக் கொடுத்துத் தொடங்குங்கள்.

கேள்வி: நான் பயன்படுத்தும் நேரச் சேவை என்டிபிடி. அது தொடங்குகிறது, சற்று நேரத்தில் தானாக நின்றுவிடுகிறது. கடிகாரம் பல மணி நேரம் தள்ளி இருக்கிறது.

பதில்: இது கிராஷ் இல்லை. வித்தியாசம் 1000 நொடியைத் தாண்டினால் ‘நான் தொட மாட்டேன்’ என்று அதுவே வெளியேறிவிடும். ‘-ஜி’ கொடுத்தால் ஒருமுறை மட்டும் பெரிய திருத்தத்தை ஏற்கும். ஆனால் அவ்வளவு வித்தியாசம் எங்கிருந்து வந்தது? வன்பொருள் கடிகாரம் உள்ளூர் நேரத்திலும், லினக்ஸ் அதை யுடிசி (உலகப் பொது நேரம்) என்று எடுத்துக்கொள்வதுமாக இருக்கிறதா பாருங்கள்.

கேள்வி: டெபியன் 12-க்கு வந்தபின் என்டிபி கான்ஃபிக் கோப்பில் எதை மாற்றினாலும் பலிக்கவில்லை.

பதில்: அந்தப் பதிப்பில் பழைய என்டிபிக்குப் பதில் என்டிபிசெக் என்ற வேறு நிரல் வந்துவிட்டது. அது இடிசிக்குள் தன் பெயரிலேயே உள்ள அடைவிலிருந்து கான்ஃபிக்கைப் படிக்கும். உங்கள் சர்வர் வரிகளை அங்கே கொண்டுபோய்ச் சேவையை ரீஸ்டார்ட் செய்யுங்கள்.