ஒரே முட்டைக்கு ஏன் கூடுதல் தீவனம்?

கேள்வி: ஒரே நாளில் பொரித்த முட்டைக்கோழிகள், ஒரே தீவனம். ஒரு கூண்டு வரிசையில் கோழிக்கு நாளொன்றுக்கு 110 கிராம் போதும். பக்கத்து வரிசைக்கு 125 கிராம் ஆகிறது. முட்டையின் எண்ணிக்கையும் எடையும் ஒன்றுதான். குடற்புழு மருந்து கொடுக்கலாமா?

பதில்: மருந்தை எடுத்த இடத்திலேயே வையுங்கள். கம்பிக் கூண்டில் எச்சம் கீழே விழுந்துவிடுவதால் புழுத் தொல்லை அரிது. அதிகம் தின்னும் வரிசையில் ஒரு கோழியைத் தூக்கி, முதுகில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். இறகு உதிர்ந்து தோல் தெரிந்தால் கையில் சூடு உறைக்கும். கோழியின் உடல் வெப்பம் 41 டிகிரியை ஒட்டியது. இறகுதான் அதற்குப் போர்வை. போர்வை போனால், வெளியேறும் சூட்டை ஈடுகட்டத் தின்றே ஆகவேண்டும்.

வேலைக்கு வந்த புதிதில் இதே சிக்கலுக்கு எச்சத்தைக் கிளறியே ஒரு வாரத்தைத் தொலைத்தவன் நான். கூண்டடியில் பெருக்க வந்த அம்மாதான், "முதுகுல ஒரு இறகுகூட இல்லையே சார், குளிராதா?" என்றார்.

கோழி தின்பதில் பெரும்பங்கு உயிரைத் தக்கவைக்கவே போய்விடுகிறது, மிச்சம்தான் முட்டை. உடல் எடை 200 கிராம் கூடினாலே தினமும் சில கிராம் தீவனம் கூடும். ஆகவே வரிசைக்கு 20 கோழியாவது எடை போடுங்கள். தொட்டிக்கு அடியில் சிந்திக் கிடப்பதையும் கூட்டி நிறுத்துவிடுங்கள். அது வயிற்றுக்குள் போகாத தீவனம்!

எடை, இறகு, முட்டை எல்லாம் சமமாக இருந்தும் ஒரு கோழி கூடுதலாகத் தின்னும். அது பிறவிக் குணம், பரம்பரையாகவும் வரும். அப்படித் தின்பவற்றையே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்து பெருக்கிப் பார்த்திருக்கிறார்கள். செரிமானத்தில் பெரிய வித்தியாசமில்லை. கொண்டையும் தாடியும் பெருத்தன, உடல் வெளிவிடும் சூடும் கூடியது. ஆனால் உங்கள் கதை இதுவல்ல என்பேன். கலந்து விட்ட கோழிகளில் பிறவி வித்தியாசம் இரண்டு வரிசைக்கும் ஏறக்குறைய சமமாகவே பிரிந்துவிடும். வரிசை முழுக்கப் பெருந்தீனிக்காரர்கள் அமையமாட்டார்கள்.

இறகு எங்கே போயிருக்கிறது என்று பார்த்து எழுதுங்கள். கழுத்தின் முன்பக்கம் மட்டும் என்றால் தொட்டி விளிம்பில் உரசல். முதுகும் வாலடியும் என்றால் பக்கத்துக் கோழியின் அலகு.