இரண்டாவது சம்பளம் இல்லாத வீடு: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அன்புள்ள அக்காவுக்கு, விசுவமடுவில் இருந்து எழுதுகிறேன். வயது 36. கணவர் இல்லை. அம்மாவும் இரண்டு பிள்ளைகளும் என்னோடு இருக்கிறார்கள். மகள் தரம் 9, மகன் தரம் 4. ஏழு வருடமாக ஆடைத் தொழிற்சாலையில் வேலை. அடிப்படைச் சம்பளம் 32,000. ஓ.டி.யும் சேர்ந்து கையில் 42,000 அளவில் வரும். சம்பளம் 10ஆம் திகதி. 25ஆம் திகதிக்குப் பிறகு கடைக் கொப்பியில் கடனுக்குத்தான் சாப்பாடு. போன மாரிக்கு முன்னர் கூரைத் தகரம் மாற்ற 50,000 ரூபா குழுக்கடன் எடுத்தேன். கிழமைக்கு 1,300 வீதம் 52 கிழமை. இன்னும் 14 கிழமை இருக்கிறது. மாதம் மாதம் மிச்சம் பிடி என்று எல்லோரும் சொல்கிறார்கள். மூன்று தரம் தொடங்கினேன், மூன்று தரமும் எடுத்துச் செலவழித்துவிட்டேன். என்னில்தான் பிழையா?

பதில்: இல்லைத் தங்கச்சி. கடிதத்தை ரெண்டு தரம் வாசிச்சன். மூண்டு தரம் சேர்த்த காசும் எதுக்குப் போனது எண்டு நீங்கள் எழுதேல்லை. ஆனா 27 வருசம் கூட்டுறவுக் கிராமிய வங்கி மேசையில இருந்தவள் நான். பிள்ளைக்குக் காய்ச்சல், அம்மாவுக்கு மருந்து, பள்ளிக்கூடச் சப்பாத்து, இப்பிடி ஏதோ ஒண்டுக்குத்தான் போயிருக்கும். அதுக்குத்தானே சேர்க்கிறது. எடுத்ததில பிழை இல்லை. எடுத்த பிறகு திரும்பப் போடேல்லை, அது ஒண்டைத்தான் இனி மாத்தவேணும்.

ரெண்டு பேர் உழைக்கிற வீட்டில ஒராள் படுத்தா மற்றாளின்ர சம்பளத்தில உலை கொதிக்கும். உங்கட வீட்டில அந்த மற்றாள் இல்லை. அந்த ஆளின்ர இடத்திலதான் உங்கட சேமிப்பு இருக்கவேணும். நகை, காணி, மகளின்ர கலியாணம் எல்லாம் பிறகு. இப்ப ஒரேயொரு கணக்கை மனதில வையுங்கோ: நீங்கள் ஒரு மாதம் வேலைக்குப் போகாட்டிலும் அடுப்பு எரிய எவ்வளவு வேணும்? நீங்கள் எழுதினதைப் பாத்தா 35,000 போதும். முதல் இலக்கு அதுதான்.

ஒரு நல்ல விசயம் சொல்லுறன். நீங்கள் ஏழு வருசமாச் சேமிச்சுக்கொண்டுதான் இருக்கிறியள். சம்பளத் துண்டை எடுத்துப் பாருங்கோ. 32,000இல உங்கட 8 வீதம் 2,560 ரூபா ஈ.பி.எப். எண்ட ஊழியர் சேமலாப நிதிக்குக் கழிபடும். அதுக்கு மேல முதலாளி 12 வீதம் போடவேணும், அது 3,840. சேர்ந்து மாதம் 6,400. ஈ.டி.எப். எண்ட ஊழியர் நம்பிக்கை நிதிக்கும் முதலாளி 3 வீதம் போடவேணும், இன்னொரு 960. ஓ.டி. காசுக்கு இது ரெண்டும் இல்லை. பெண்களுக்கு 50 வயதில ஈ.பி.எப். கையில வரும். அதுக்கு முதல், பத்து வருசம் கட்டி, கணக்கில 300,000க்குக் குறையாமல் இருந்தா, வீட்டு வேலைக்கோ வைத்தியத்துக்கோ 30 வீதம் எடுக்கலாம். உங்களுக்கு இன்னும் மூண்டு வருசம். அடுத்த தரம் கூரைக்குக் குழுக்கடன் வேண்டாம், தங்கச்சி. ஒரு லீவு நாளில தொழில் திணைக்கள அலுவலகத்துக்குப் போய், காசு ஒழுங்கா வந்து சேருதோ எண்டும், உங்களுக்குப் பிறகு அது ஆருக்குச் சேரும் எண்டு ஆற்ற பேர் எழுதியிருக்கெண்டும் பாருங்கோ. ஏழு வருசத்துக்கு முந்தி அவசரத்தில நிரப்பின படிவத்தில ஆற்ற பேரை எழுதினம் எண்டது கனபேருக்கு ஞாபகம் இருக்காது.

ஆனா அந்தக் காசு 25ஆம் திகதிக்கு உதவாது. அதுக்கு வருவம்.

உங்கட கடனை ஒருக்கால் கணக்குப் பாப்பம். 1,300ஐ 52ஆல பெருக்கினா 67,600. வட்டி 17,600. 35 வீதம்தானே எண்டு நினைப்பியள். ஆனா 50,000 முழுசா உங்களிட்டை இருந்தது முதல் கிழமை மட்டும்தான். கிழமைக்குக் கிழமை குறைஞ்சு, வருசம் முழுக்கச் சராசரியாப் பாத்தா அரைவாசிக் காசைத்தான் நீங்கள் பாவிச்சிருக்கிறியள். அப்ப உண்மை வட்டி ரெண்டு மடங்குக்குக் கிட்ட. 2018இல வறட்சி பாதிச்ச 12 மாவட்டங்களில பெண்கள் எடுத்த, உங்கட குழுக்கடன் மாதிரியான நுண்கடன்களில, தவணை தவறினதுகளை ஒரு லட்சம் வரைக்கும் அரசாங்கம் தள்ளுபடி செய்தது. எங்கட வன்னி மாவட்டங்களும் அதுக்குள்ள. அப்ப என்ர மேசைக்கு முன்னால நிம்மதியா மூச்சு விட்ட பெண்களில சிலர் அடுத்த வருசமே புதுக் கடனோட வந்து நிண்டதையும் பாத்தன். மனம் சரியா நொந்துபோச்சு. உங்கட கடைசித் தவணைக்கு முன்னமே, "அக்கா ஒழுங்காக் கட்டினனீங்கள், இந்தமுறை ஒரு லட்சம் தரலாம்" எண்டு கடன் குடுத்த ஆக்கள் வீட்டு வாசலில வந்து நிப்பினம். அண்டைக்கு வேண்டாம் எண்டு சொல்லுறதுதான் உங்கட முதல் சேமிப்பு.

இந்த 14 கிழமையும் பெரிசாச் சேர்க்க வெளிக்கிடாதேங்கோ. மாதம் 1,000 போதும். இப்ப உங்களுக்குத் தேவை பழக்கமும் வழியும். சம்பளம் விழுற கணக்கில, கார்ட் இருக்கிற கணக்கில, காசு சேராது. அதே வங்கியில கார்ட் இல்லாத, புத்தகம் மட்டும் உள்ள இன்னொரு கணக்கைத் திறந்து, 11ஆம் திகதி 1,000 ரூபா தானா அங்க போக ஸ்டாண்டிங் ஓர்டர் ஒண்டு எழுதிக் குடுங்கோ. காசு எடுக்கிறதெண்டா நீங்கள் லீவு போட்டு, பஸ் ஏறிப் போய் நிக்கவேணும். உண்மையான அவசரத்துக்குப் போவியள். மற்றதுக்குப் போகமாட்டியள்.

கடன் முடிஞ்ச அடுத்த கிழமை தொடக்கம் அதே 1,300 அதே நாளில எடுத்து வைக்கவேணும். அப்ப 52 கிழமையா அந்தக் காசு இல்லாமலே சீவிச்சிருப்பியள், 53ஆவது கிழமையும் சீவிப்பியள். முதல் ரெண்டு மாதமும் அதைக் கடைக் கொப்பிக்குக் குடுத்து அந்தக் கணக்கை மூடுங்கோ. பிறகு நாலு கிழமைக்கு 5,200 புத்தகத்துக்கு. ஏழு மாதத்தில 36,400.

கடைக் கொப்பியைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லவேணும். கடைக்காரர் நல்ல மனிசனா இருப்பார், அவர் தராட்டி 26ஆம் திகதி பிள்ளையள் பட்டினி. ஆனா கொப்பியில வாங்கேக்க நாங்கள் விலை கேக்கிறேல்லை. கால் கிலோ சீனி, ஒரு சின்னத் தேயிலைப் பக்கற், அரைப் போத்தல் எண்ணெய் எண்டு துண்டு துண்டா வாங்குவம். துண்டா வாங்கிறது எப்பவும் விலை கூட. சம்பளத்தண்டு அரிசியும் மாவும் பருப்பும் சீனியும் மாதத்துக்குக் காணத்தக்கதா வாங்கி வையுங்கோ. மிச்சத்தை மகள் எழுதட்டும். தரம் 9 பிள்ளை, கணக்கு உங்களைவிட வடிவாச் செய்வா. ஒரு பழைய கொப்பியில இடப்பக்கம் வந்தது, வலப்பக்கம் போனது. ஒரு மாதம் எழுதினாப் போதும். எங்க ஓட்டை எண்டு அவவே உங்களுக்குச் சொல்லுவா.

நான் மேசையில இருந்த காலத்தில முறிகண்டிப் பிள்ளையார் கோயிலடியில கச்சான் விக்கிற ஒரு அம்மா வெள்ளிக்கிழமையள் வருவா. அவவும் தனியத்தான் உழைச்சவ. பிள்ளையாரைக் கும்பிட நிப்பாட்டுற பஸ்ஸுகள்தான் அவவின்ர வருமானம். கொண்டுவாறது 200 ரூபா. தாள்களை எண்ணேக்க என்ர விரலில கச்சான் வறுக்கிற மணல் ஒட்டும். சேமிப்புப் புத்தகத்தின்ர மூலையெல்லாம் கறுத்து, உப்புப் படிஞ்சு, மூண்டாம் பக்கத்துக்குப் பிறகு தாள் தடிச்சுப் போயிருந்தது. திருவிழா நாளில 2,000 உழைச்சாலும் 200தான். மழையில பஸ் நிக்காத கிழமையும் 200தான். "கூடப் போடுங்கோவன் அம்மா" எண்டு ஒருநாள் கேட்டன். "கூடப் போட்டா அடுத்த கிழமை எடுக்க வருவன் பிள்ளை" எண்டா. அறுவடை முடிஞ்ச கையோட 50,000 கொண்டுவந்து போட்டு, விதைப்புக்கு முன்னமே முழுக்க எடுத்துக்கொண்டு போனவையின்ர புத்தகங்களும் என்ர மேசையிலதான் கிடந்தது. வித்தியாசத்தை நான் அவவிட்டைத்தான் படிச்சன்.

சீட்டுக் கட்டலாமோ எண்டு அடுத்து நினைப்பியள். 20 பேர் சீட்டில மாதம் 2,000 வீதம் 11 மாதம் கட்டினன் நான். பன்னிரண்டாம் மாதம் நடத்தினவ ஊரிலேயே இல்லை. 22,000 ரூபா, அந்த நேரம் என்ர ரெண்டு மாதச் சம்பளத்துக்கும் மேல. ஒரே உழைப்பில நிக்கிற வீட்டின்ர அவசரக் காசை அப்பிடி வைக்க நான் சொல்லமாட்டன். 35,000 நிறைஞ்ச பிறகு, நல்லாத் தெரிஞ்ச ஆக்களோட சின்னச் சீட்டு எண்டா அது உங்கட விருப்பம்.

தையில கொப்பி சப்பாத்து, சித்திரையில வருசம், வைகாசியில வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல், கார்த்திகை மார்கழியில வெள்ளம். 2018 மார்கழியில இரணைமடுக் குளத்தின்ர கதவுகள் திறந்தபோது எத்தினை வீட்டில அடுப்பு நனைஞ்சது எண்டு உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. இந்த மாதங்களில காசு எடுக்கவேண்டி வரும். எடுங்கோ. எடுத்த அண்டே புத்தகத்தின்ர கடைசி மட்டையில பென்சிலால எவ்வளவு எண்டு எழுதி, திரும்பப் போட்டு முடிச்ச பிறகு அழியுங்கோ.

கேள்வி: கடையொன்றில் கணக்கு எழுதுகிறேன். திருமணம் செய்யவில்லை, அப்பாவை நான்தான் பார்க்கிறேன். சேர்த்த 300,000ஐ நிலையான வைப்பில் போட்டேன். வட்டியில் 10 வீதம் வரி வெட்டுகிறார்கள். இது எல்லோருக்குமா? (வவுனியா)

பதில்: 2025 ஏப்ரல் முதலாம் திகதியில இருந்து அந்த வரி 5 வீதத்தில இருந்து 10 வீதமாச்சு. உங்கட வருச வருமானம் எல்லாம் சேர்ந்து 1,800,000க்கு மேல போகாட்டி, வெட்டவேண்டாம் எண்டு நீங்களே கையெழுத்து வைச்சுக் குடுக்கிற சுய பிரகடனப் படிவம் வங்கியில இருக்கு. கேட்டு வாங்கி நிரப்புங்கோ. வேற வங்கியிலயும் வைப்பு இருந்தா அங்கயும் தனியக் குடுக்கவேணும். இன்னொண்டு: மத்திய வங்கியின்ர அனுமதி உள்ள வங்கியிலயோ நிதிக் கம்பனியிலயோ போட்ட காசுக்கு, ஒராளுக்கு ஒரு நிறுவனத்தில 1,100,000 வரைக்கும் வைப்புக் காப்புறுதி இருக்கு. வட்டி கூட எண்டு ஆரும் வீட்டுக்கு வந்து கேட்டா, முதல் அந்த அனுமதியைக் கேளுங்கோ.

கேள்வி: மாங்குளத்தில் மேசன் வேலை. வயது 27. நாள் கூலி 4,000. மாதம் 15 தொடக்கம் 20 நாள் வேலை. அம்மா, கம்பஸில் படிக்கும் தங்கச்சி இருவருக்கும் என் உழைப்புத்தான். மழை தொடங்கினால் மூன்று மாதம் கை வெறுமை, அடகுதான். ஆவணியில் கலியாணம். மாதச் சம்பளம் இல்லாதவன் மாதச் சேமிப்பை எப்படித் தொடங்குவது?

பதில்: தம்பி, உங்களுக்கு மாதக் கணக்கு சரிவராது, நாள் கணக்குத்தான். வேலை செய்த ஒவ்வொரு நாளும் 400ஐ வேற பொக்கற்றில வையுங்கோ. சராசரி 17 நாள் எண்டா மாதம் 6,800. தையில இருந்து புரட்டாதி வரைக்கும் ஒன்பது மாதத்தில 61,200. அதை மூண்டாப் பிரிச்சா ஐப்பசி, கார்த்திகை, மார்கழிக்கு மாதம் 20,000க்கு மேல வரும். அடகு வைக்கிற அம்மாவின்ர சங்கிலி இந்த மாரிக்கு அம்மாவின்ர கழுத்திலயே கிடக்கட்டும். இப்ப அடகில இருந்தா முதல் 400கள் அதை மீட்கப் போகட்டும். அடகுக்கு வட்டி ஓடிக்கொண்டிருக்கேக்க பக்கத்தில சேமிப்புப் புத்தகம் வைக்கிறதில லாபம் இல்லை.

கையில வைக்காதேங்கோ, சனிக்கிழமைச் சம்பளம் எடுத்தா திங்கள் போடுங்கோ. உங்கட பக்கம் சிக்கன கடனுதவு கூட்டுறவுச் சங்கம் இயங்கினா அங்கத்தவராச் சேருங்கோ. சின்னத் தொகையை முகம் சுழிக்காமல் வாங்குவினம், பிறகு ஒரு கொங்கிரீட் மிசின் வாங்கவும் அங்கயே கேக்கலாம்.

வரப்போற மனிசிக்கு இதைச் சொல்லவேணுமோ எண்டு கடிதத்தின்ர அடியில கேட்டிருக்கிறியள். சொல்லுங்கோ தம்பி. கடன் எவ்வளவு, சேமிப்பு எவ்வளவு, தங்கச்சியின்ர படிப்புக்கு இன்னும் எத்தினை வருசம் எண்டு ஆவணிக்கு முன்னமே சொல்லிப்போடுங்கோ. கலியாணத்துக்குப் பிறகு புத்தகத்தை அவவிட்டைக் குடுத்து வையுங்கோ, திங்கக்கிழமை வங்கிக்குப் போறதையும் அவவே பாக்கட்டும்.