உள்நாட்டுப் போருக்கு முன்பே அமெரிக்கக் கருத்துப்படங்கள் வடக்கு - தெற்கு வன்முறையை எப்படிக் காட்டின?

1856-இல் ஜான் மகீ வரைந்த இரண்டு படங்களை வைத்தே பதில் சொல்கிறேன். அடிமைமுறையை விடாத தெற்கு மாநிலங்களுக்கும் வடக்குக்கும் போர் மூள இன்னும் ஐந்து வருடம் இருந்தது.

முதல் படத்தின் பின்னணி இது. மாசசூசெட்ஸ் செனட்டர் சார்லஸ் சம்னர், அப்போது இன்னும் மாநிலமாகாத புதிய பிரதேசமான கான்சாசில் அடிமைமுறையைத் திணிப்பதைக் கண்டித்து இரண்டு நாள் பேசினார். தென் கரோலினா செனட்டர் ஆண்ட்ரூ பட்லர் அடிமைமுறை என்னும் வேசியைக் காதலியாகக் கொண்டவர் என்று நடுவே ஒரு குத்து. பட்லரின் உறவினரான பிரெஸ்டன் புரூக்ஸ் கீழவை உறுப்பினர். மே 22 அன்று செனட் கூடத்துக்குள் நுழைந்து, எழுதிக்கொண்டிருந்த சம்னரைத் தங்கப்பூண் கைத்தடி ஒடியும்வரை அடித்தார். மேசை தரையோடு முடுக்கப்பட்டிருந்ததால் சம்னரால் சட்டென்று எழக்கூட முடியவில்லை.

மகீயின் படத்தில் விழுந்துகிடக்கும் சம்னரின் ஒரு கையில் பேனா, மறுகையில் 'கான்சாஸ்' என்று எழுதிய தாள். பின்னால் நிற்பவர்களில் சிலர் சிரிக்கிறார்கள். புரூக்சுக்கோ முகமே இல்லை. ஓங்கிய கை அதை மறைக்கிறது. கல்லூரிக் கையெழுத்துப் பத்திரிகைக்குப் படம் போட்டவன் என்பதால் எனக்குச் சிரிப்பு வந்தது. சாயல் பிடிபடாத ஆளை இப்படித்தான் நானும் ஒப்பேற்றுவேன். மகீயும் புரூக்சை நேரில் பார்த்திருக்க மாட்டார் என்று பலர் ஊகிக்கிறார்கள். காரணம் எதுவானாலும் பலன் பெரிது: அடிப்பவன் தனி ஆளாக இல்லாமல் தெற்கு முழுவதுமாக ஆகிவிடுகிறான். தலைப்பு 'தெற்கத்திக் கனவான்தனம்' என்று தொடங்கும். அதில் ஓர் எழுத்துப்பிழையும் உண்டு, அச்சுக்குப் போகும் அவசரம் போலிருக்கிறது.

தெற்கில் இதே சம்பவத்துக்குக் கைதட்டல். புரூக்சுக்கு 300 டாலர் அபராதம். பதவி விலகியவரை அவருடைய தொகுதி மறுபடி தேர்ந்தெடுத்தது. அபிமானிகள் புதுக் கைத்தடிகளை அனுப்பிவைத்தார்கள். சம்னர் முழுமையாக அவைக்குத் திரும்ப மூன்று வருடத்துக்கு மேல் ஆனது.

இரண்டாவது படம்தான் என்னை விடுவதில்லை. புதிய பிரதேசங்களில் அடிமைமுறை கூடாது என்ற தரப்பைச் சேர்ந்த தாடிக்காரர் ஒருவர் ராட்சத உருவத்தில், ஜனநாயகக் கட்சியின் மேடையோடு கட்டப்பட்டுக் கிடக்கிறார். கட்டைவிரல் அளவு ஆட்களாக அக்கட்சியின் அதிபர் வேட்பாளர் புக்கானனும் செனட்டர் லூயிஸ் காசும் அவரைப் பிடித்துக்கொள்ள, செனட்டர் டக்ளசும் அதிபர் பியர்சும் ஒரு கறுப்பின மனிதனை அவர் தொண்டைக்குள் திணிக்கிறார்கள். "கொலை! அண்டை அயலாரே, உதவுங்கள்" என்று அவர் அலறுகிறார். பின்னால் ஒரு பக்கம் தீவைப்பு, மறுபக்கம் மரத்தில் தொங்கும் பிணம்.

அடிமைமுறை வேண்டும், வேண்டாம் என்று இரு தரப்பும் மோதிக்கொண்ட கான்சாஸ் கலவரத்தின் கொடுமை ஒரே பார்வையில் புரிந்துவிடுகிறது, உண்மைதான். ஆனால் இங்கே துன்பப்படுபவர் யார்? வெள்ளைக் குடியேறி. அடிமைப்பட்டவன் வெறும் கசப்பு மருந்து. இது மகீயின் கோளாறு மட்டுமல்ல. 1855 டிசம்பரில் நடந்த வாக்கெடுப்பில், சுதந்திரமான கறுப்பின மக்களைக்கூடக் கான்சாசுக்குள் விடக்கூடாது என்பதற்குப் பெரும்பான்மை ஆதரவு தந்தவர்கள் இந்த அடிமைமுறை எதிர்ப்புத் தரப்பினரே. அதைப் படித்த பிறகு படத்தை மறுபடி பெரிதாக்கிப் பார்த்தேன். அலறுகிறவரை விட்டுவிட்டு, வாய்க்குள் போய்க்கொண்டிருப்பவனைத்தான் தேடினேன்.